கேமராவில் விழாத இடம்

திரையில் வந்த டாக்டர் அம்மாவுக்கு வணக்கம்.

போன திங்கட்கிழமை காலை அவசரப் பிரிவில் உங்களோடு பேசிய பள்ளிப் பேருந்து ஓட்டுநரின் அண்ணன் எழுதுவது. "தனியாகப் பேசினார். உடனடி ஆபத்து தெரியவில்லை" என்று குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். அவன் தனியாகப் பேசவில்லை.

இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, செத்தால் தேவலை என்று அவன் சொன்னதால்தான் அழைத்து வந்தேன். வரும் வழியில் நானே அவன் வாயை அடைத்தேன்.

"எல்லாத்தையும் கொட்டிடாதடா. எழுதி வச்சிட்டாங்கன்னா அப்புறம் ஸ்டீயரிங்கைத் தொட விடமாட்டாங்க."

நர்ஸ் டேப்லெட்டை அவன் முகத்துக்கு நேராக நிறுத்தினார். என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியிடம் ஓடினார். நான் கதவைச் சாத்தினேன், உள்ளே நின்றபடி. டேப்லெட்டுக்குப் பின்னால், கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டேன். கேமராவில் விழாதவன் அறையில் இல்லாதவன் என்பது என் கணக்கு.

"கூட யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டீர்கள். அவன் என்னைப் பார்த்தான். இல்லை என்று தலையாட்டினேன்.

"யாருமில்ல டாக்டர்."

"அடிக்கடி மேல பார்க்கிறீங்களே?"

"கடிகாரம் டாக்டர். டிரைவருக்கு அதானே மாமியார்."

நீங்கள் சிரித்தீர்கள். நானும் வாயைப் பொத்திச் சிரித்தேன். அந்த அறையில் கடிகாரமே கிடையாது.

"சாகணும்னு தோணுதா?" என்று பிறகு கேட்டீர்கள். கண் கலங்கி, அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் உதட்டில் விரலை வைத்தேன்.

"இல்ல டாக்டர்" என்றான்.

வேலை போகாமல் தப்பியது என்று வீட்டுக்குக் கூட்டிப்போனேன். மூன்றாம் நாள் அதே அறைக்கு அவனைத் தூக்கி வந்தோம். உயிர் பிழைத்துவிட்டான். அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

நேற்று மறுபடி உங்களைத் திரையில் கொண்டுவந்தார்கள். கால்கள் பழகிய இடத்துக்கே போயின போலும், கால்மாட்டில்தான் நின்றிருந்தேன். தம்பி என்னைப் பார்க்கவில்லை. நர்ஸிடம், "டேப்லெட்டைக் கொஞ்சம் திருப்புங்க சிஸ்டர். டாக்டர் எங்க அண்ணனையும் பார்க்கட்டும்" என்றான்.

அப்போது நீங்கள் பார்த்த ஆள் நான்தான். வெளியே வந்துவிட்டேன். கதவை இந்த முறை வெளியிலிருந்து சாத்தினேன். அவன் உங்களிடம் நாற்பது நிமிடம் பேசினான். என்னிடம் இன்னும் பேசவில்லை.

குறிப்பைத் திருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.