ஒன்பது காலி

எந்தப் பயத்தையும் கணக்குப் போட்டு விரட்டிவிடலாம் என்பது சுகிர்தா டீச்சரின் நம்பிக்கை. அறிவியல் டீச்சர் வேறு எதைத்தான் நம்புவாள்? அன்று காலையிலிருந்து ஒரு பயம் விடாமல் கூடவே இருந்ததால்தான், அடுத்த வாரம் நடத்த வேண்டிய ஒலிப் பாடத்தை அன்றைக்கே எடுத்துவைத்துக்கொண்டாள்.

பயத்துக்குக் காரணம் வீட்டுக்காரர். திருத்தங்கலில் லேபிள் அச்சடித்துக்கொண்டு நிம்மதியாக இருந்த நவநீதகிருஷ்ணனுக்கு, ஊரே வெடி போட்டுச் சம்பாதிக்கும்போது நாம் மட்டும் அட்டைக்கு மை தடவிக்கொண்டிருப்பதா என்று தோன்றிவிட்டது. நாலு வருடமாகப் பூட்டிக் கிடந்த மாரிக்கண்ணன் பட்டாசுக் கம்பெனியைக் குத்தகைக்குப் பிடித்தார். தீப்பிடித்து ஆட்களைப் பறிகொடுத்து மூடிய கம்பெனி அது. சுண்ணாம்பு அடித்து, பெயரை மாற்றி, இன்றைக்குத்தான் முதல்முதலாக வெடிமருந்து கலக்கிறார்கள். உள்ளூர் ஆட்கள் அங்கே கால் வைக்க மாட்டார்கள் என்று, இருக்கன்குடிப் பக்கமிருந்து பன்னிரண்டு பெண்களை விடியுமுன்பே வேனில் இறக்கியாயிற்று. "வெளிய மூச்சு விட்டுராத, கண்ணு பட்டுரும்" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அவள் மூச்சு விடவில்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தொரு பேரையும் கூட்டிக்கொண்டு, விஸ்வநத்தம் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்த வறண்ட கண்மாய்க்குப் போனாள். வானம் மூடிக் கிடந்தது. எதிர்க்கரையில் சரியாக ஒரு கிலோமீட்டர் தள்ளி, பள்ளிக்கூட வாட்ச்மேன் சங்கிலிமுத்து ஒரு பெரிய அணுகுண்டு வெடியோடு நின்றான். தூரத்தை பைக் மீட்டரில் அளந்து வைத்திருந்தாள்.

"வெளிச்சம் உடனே வந்துரும். சத்தம் மெதுவாத்தான் வரும். வெடிக்கிறது கண்ணுல பட்டதும் எண்ண ஆரம்பிங்க, காதுல கேட்டதும் நிறுத்துங்க. எல்லாரும் சத்தமா எண்ணணும்" என்றாள்.

விளையாட்டென்றால் துள்ளிக் குதிக்கிற கூட்டம், இப்போது காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றது. கடைசியில் வகுப்புத் தலைவி ஓவியா முன்னால் வந்தாள்.

"சத்தமா எண்ணக் கூடாது டீச்சர்."

"ஏன்?"

"மனசுக்குள்ள எண்ணுனா எந்தக் கம்பெனின்னு நமக்குத் தெரியும். வாய்விட்டு எண்ணுனா, நாம நிறுத்துற எண்ணு எந்தக் கம்பெனியோ, அங்கன கேட்டுரும். கேட்டா அங்கனயே வெடிச்சுரும்."

சுகிர்தாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. இவள் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வந்த பாடத்தை இந்தப் பிள்ளைகள் பால்குடி மறக்குமுன்பே படித்திருந்தார்கள். எங்காவது பளிச்சென்றால் போதும், உதடு தானாக அசையும். எத்தனையில் சத்தம் கேட்கிறது என்பதை வைத்து யார் வீட்டுக்கு ஓட வேண்டும் என்று தெரிந்துகொள்வார்கள். இருந்த இடத்திலிருந்து ஒவ்வொரு கம்பெனிக்கும் ஓர் எண் இருந்தது.

"மூணுல எங்கம்மா இருக்காக டீச்சர். மூணுல நிறுத்திராதீக" என்றான் முனியராஜ். கண் கலங்கியிருந்தது.

"சத்தம் மூணுலதானப்பா வரும். நான் என்ன செய்ய?"

"அது வரட்டும். நாம நிறுத்தாம மேல போயிருவோம்."

சரி, எதில் நிறுத்தலாம் என்று கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது. முப்பத்தொரு பேரும் தலையோடு தலை சேர்த்து, வீட்டில் பெரியவர்கள் நல்ல நாள் குறிக்கிற மாதிரி அடங்கிய குரலில் பேசினார்கள். நாலில் ஒருத்தனின் அப்பா. ஆறில் ஓவியாவின் சித்தி. ஏழில் ரோஜாவின் இரண்டு அக்காமார். எட்டில் மூன்று பேருடைய அம்மாக்கள். எந்த எண்ணிலும் யாராவது ஒருவர் உட்கார்ந்து திரி சொருகிக்கொண்டிருந்தார்கள்.

"ஒன்பது காலி டீச்சர்" என்றாள் ஓவியா. "மாரிக்கண்ணன் கம்பெனி. எரிஞ்சதுலேர்ந்து பூட்டித்தான் கெடக்கு. அங்கன ஆளே இல்ல."

அந்தக் கம்பெனியில்தான் இப்போது பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே ஆள் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிள்ளைகள் வேறு எண்ணுக்குப் போயிருப்பார்கள். ஆனால் சொன்னால் இவளும் இதையெல்லாம் நம்புகிறாள் என்று ஆகிவிடாதா? படித்த படிப்பு என்னாவது? இருபது வருடத்துப் படிப்பு அவள் வாயைக் கட்டிப்போட்டது.

"சரி. ஒன்பதுலயே நிறுத்துவோம்" என்று சொல்லிவிட்டுக் கையை உயர்த்தினாள்.

எதிர்க்கரையில் ஒரு மின்னல், அதைச் சுற்றி வெள்ளைப் புகை. பிள்ளைகள் எண்ண ஆரம்பித்தார்கள். மூன்றில் சத்தம் வந்து மோதியது. யாரும் நிறுத்தவில்லை. நாலு, ஐந்து, ஆறு என்று போகப்போக முப்பத்தொரு குரலும் ஒரே குரலாகி, அது யாருடைய குரலும் இல்லை என்பதுபோல் இருந்தது. ஒன்பதில் வெட்டினாற்போல் நின்றது. கருவேல மரத்தில் இலைகூட அசையவில்லை. அத்தனை பிள்ளைகளும் ஒருசேரத் தலையைத் திருப்பி மேற்கே பார்த்தார்கள்.

தன் வாயும் அப்போதுதான் மூடியது என்று சுகிர்தாவுக்கு உறைத்தது. அவளும் சேர்ந்து எண்ணியிருக்கிறாள்.

"அங்க என்ன பாக்கீங்க?"

"நிறுத்துன இடத்தப் பாக்கணும் டீச்சர்" என்றாள் ரோஜா, திரும்பாமலே.

கொஞ்ச நேரத்தில் கைப்பையில் செல்போன் அடித்தது. நவநீதகிருஷ்ணன்தான். குரலில் எரிச்சலும் சிரிப்பும் சரிபாதியாக இருந்தன.

"இந்தக் கூத்தக் கேளு சுகிர்தா. பன்னெண்டு பொம்பளைகளும் போட்டது போட்டபடி எந்திரிச்சு கேட்டுக்கு வெளிய ஓடி வந்துட்டாளுக. கேட்டா, பிள்ளைக எண்ணுற சத்தம் கேட்டுச்சாம். ஒன்பதுல நின்னுச்சாம். இனி உள்ள வர மாட்டோம்ங்காளுக."

அவள் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"கலந்த மருந்து அப்படியே தெறந்து கெடக்கு. அத விட்டா ஆபத்து. நானே போயி மூடிட்டு வாறேன்."

"போகாதீக" என்றாள். "ஏங்க, உள்ள போகாதீக. எண்ணுனது நாங்கதான். எம்பிள்ளைகதான் எண்ணுச்சுக. நானும் எண்ணுனேன்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"மூணு கிலோமீட்டருக்குப் பிள்ளைக சத்தம் கேக்குமா? அறிவியல் டீச்சர் பேசுற பேச்சா இது? உள்ள செல் ஆகாது, இங்கனயே வச்சிட்டுப் போறேன்."

அவள் மறுபடி அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. மறுபடியும் அடித்தாள். பிள்ளைகள் இன்னும் மேற்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பயமாக இருந்தது அவளுக்கு, வெறும் பயம், எந்தக் கணக்குக்கும் அடங்காத பயம்.

மேற்கே அடிவானத்தில் பளிச்சென்றது.

சத்தமே இல்லாமல் புகை எழுந்தது. பிள்ளைகளின் உதடுகள் அசைந்தன, இந்தத் தடவை மனசுக்குள். ஓவியா வந்து டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளிச்சம் முந்தி வரும், சத்தம் பிந்தி வரும் என்று சுகிர்தா காலையில்தான் கரும்பலகையில் எழுதியிருந்தாள். சத்தம் வரும்வரை எதுவும் முடிவாகவில்லை. மேற்கே வேறு கம்பெனிகளும் உண்டே, மூன்றில் கேட்டுவிடாதா என்று நினைத்தாள். நாலில் கேட்டுவிடாதா, ஆறில் கேட்டுவிடாதா என்று ஒவ்வொரு எண்ணையும் கும்பிட்டாள், அந்த எண்ணுக்குரிய பிள்ளை பக்கத்தில் நிற்கிறது என்று தெரிந்துகொண்டே.

ஏழு வந்தது. ஏழு போனது. ரோஜா மெல்ல மூச்சை விட்டாள்.

எட்டு.