வீடு பார்க்கச் சொல்லும் வரை

வசந்தாமணி செய்தது தப்பு என்று யாரும் சொல்லவில்லை. அவளேதான் சொல்லிக்கொண்டாள், அதுவும் ஒரு டிசம்பர் மாதம் முழுக்க.

இர்விங்கில், லாஸ் கொலினாஸ் பக்கம், முந்நூற்றுச் சொச்சம் வீடுகள் கொண்ட ஓர் அபார்ட்மென்ட். அதன் லீசிங் ஆபீஸில் அவளுக்கு வேலை. வருகிறவர்களுக்கு வீட்டைத் திறந்து காட்ட வேண்டும், அப்ளிகேஷன் வாங்க வேண்டும், அவர்கள் கம்பெனிக்கு மெயில் போட்டு 'இந்த ஆள் உங்களிடம் வேலை பார்க்கிறாரா, இன்னும் ஒரு வருஷம் இதே ஊரில் இருப்பாரா' என்று கேட்க வேண்டும். வருகிறவர்களில் பாதிப் பேர் விமானம் இறங்கி ஒரு வாரம் ஆகாத நம்மவர்கள். கம்பெனி மெயில் எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேருகிறதோ அவ்வளவு சீக்கிரம் அவர்கள் கைக்குச் சாவி வரும். ஆகவே அவள் மெயிலைத் தட்டிவிடுவதில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருந்தாள். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் வினையாகப் போயிற்று.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை அவன் வந்தான். நிலைப்படிக்குக் குனிந்து நுழையும் உயரம். முன்பல் ஒன்று பாதிதான் இருந்தது. தாடையில் தையல் போட்ட இடம் இன்னும் சிவப்பாக இருந்தது. பெயர் ஆர்ட்டு கொவெரோ, ஊர் பின்லாந்து, வயசு இருபத்து ரெண்டு.

"என்ன வேலை?"

"ஐஸ் ஹாக்கி."

குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறவன் என்று நினைத்தாள். அவன் அணியின் பெயரைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தாள். ப்ரீவே ஓரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் போர்டு வைத்திருக்கும் அணி. போர்டில் இருக்கும் முகங்களில் இவன் முகம் இல்லை.

"நான் இன்னும் போர்டுக்கு வரல," என்றான். அவள் நினைத்ததை முன்னமே பலர் நினைத்திருப்பார்கள் போலும்.

கிழக்குப் பார்த்த வீட்டைக் காட்டப் போகும் வழியில் அவள் கேட்கக் கேட்கச் சொன்னான். வசந்தாமணி இங்கிலீஷ் பேசினாலும் அதற்குள் இருப்பது குமாரபாளையம்தான். ஆளின் பூர்வோத்தரம் தெரியாமல் அவளால் நாலு அடி சேர்ந்து நடக்க முடியாது. அப்பாவுக்கு மர அறுவை மில்லில் வேலை. பதினேழு வயதில் பெரியவர்கள் அணியில் ஆட்டம். பதினெட்டில் இங்கத்து அணி அவன்மேல் பெயர் போட்டு வைத்தது. வருஷம் ஒரு தடவை அப்படி இருநூறு பையன்களுக்கு மேல் பெயர் போடுவார்கள், ஐஸில் கால் வைக்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஊரில் இன்னும் இரண்டு வருஷம் ஆடிக் கோலாகப் போட்டுத் தள்ளினான். பிறகு இங்கே வந்தால், பெரிய அணியில் இடமில்லை. தெற்கே மூன்று மணி நேரத் தூரத்தில் அவர்களுக்கே ஒரு சின்ன அணி இருக்கிறது. அங்கே இரண்டு வருஷம். இப்போது மேலே கூப்பிட்டிருக்கிறார்கள். வசந்த காலத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. அதற்குள் இங்கே நிலைத்தால் சரி, இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு.

"இப்ப எங்க தங்கியிருக்க?"

"ஏர்போர்ட் பக்கத்துல ஹோட்டல். நாற்பத்தொரு நாள்."

வீட்டைத் திறந்துவிட்டாள். அவன் பாத்ரூமைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை. அடுப்பின் நாலு திருகையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தான். பிறகு காலி ஹாலில் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தான். தறிப் பட்டறையில் ஷிப்ட் முடிந்து வரும் ஆட்கள் அப்படித்தான் உட்காருவார்கள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் ஊரான் தறியை ஓட்டியவர்கள். அந்த உட்கார்வு அவளுக்குத் தெரியும்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் இதை எனக்காக வெச்சிருக்க முடியுமா?"

"அப்ளிகேஷனை நிரப்பிக் குடுத்துட்டுப் போ."

நிரப்பினான். வேலை கொடுப்பவர் என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. அவள் பார்த்தாள். விலாசத்தை யோசிக்கிறான் என்று நினைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் வேறொரு குடும்பம் வந்து அதே வீட்டைக் கேட்டது. பையனுக்கு வீடு கை நழுவக் கூடாதே என்று வசந்தாமணி அவசரமாக உட்கார்ந்து அணியின் ஆபீஸுக்கு மெயில் போட்டாள். 'திரு. கொவெரோ எங்களிடம் வீடு எடுக்கிறார். அடுத்த பன்னிரண்டு மாதமும் அவர் உங்களிடம் இந்த ஊரில் இருப்பார் என்பதை உறுதிப்படுத்தவும்.' போட்டுவிட்டு ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு டீ குடித்தாள்.

சனிக்கிழமை அவன் வந்தான். கையில் ஒரு கால்மிதி. 'நல்வரவு' என்று இங்கிலீஷில் எழுதிய, கயிறு போல முரட்டு நாரில் செய்த புதுக் கால்மிதி.

"ட்ரெஸ்ஸிங் ரூம்ல நான் உட்கார்ற இடத்துல போட்டு வெச்சிருந்தாங்க," என்றான். "எல்லாரும் கால் துடைச்சுட்டு வந்து என்கிட்ட வாடகை எவ்வளவுன்னு கேட்டாங்க. கோச் கையைக் கட்டிக்கிட்டு, 'வாங்க வீட்டுக்காரரே'ன்னார்."

அவளுடைய மெயில் ஆபீஸிலிருந்து ட்ரெஸ்ஸிங் ரூம் வரைக்கும் போயிருந்தது. அதில் என்ன தப்பு என்று வசந்தாமணிக்குப் புரியவில்லை. அவன்தான் விளக்கினான். மேலே வரும் புது ஆள் ஹோட்டலில்தான் இருக்க வேண்டும். ஒரு நாள் கோச் கூப்பிட்டு, 'போய் ஒரு வீடு பாரு' என்பார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் எல்லாரும் காத்திருப்பார்கள். நீ இனி எங்கள் ஆள், திருப்பி அனுப்ப மாட்டோம் என்பதை அப்படித்தான் சொல்வார்கள். சொல்லும் முன்னே வீடு பார்க்கிறவன் பந்தி போடும் முன்னே இலையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தவன் மாதிரி. கடைசி உவமை வசந்தாமணியே மனசுக்குள் போட்டுக்கொண்டது.

"அப்புறம் ஏன்டா பார்க்க வந்த?"

"ரெண்டு ஆட்டத்துல அடுத்தடுத்து கோல் போட்டேன். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடுவாங்கன்னு நினைச்சேன்."

"சொல்லலையா?"

"இன்னிக்குக் காலைல கீழே அனுப்பிட்டாங்க. அடிபட்டுக் கிடந்த ஒருத்தர் திரும்பி வந்துட்டார். அதான் காரணம். உங்க மெயில் இல்ல." கால்மிதியை அவள் மேஜைமேல் வைத்தான். "அந்த வீட்டுக்கு யார் வர்றாங்களோ அவங்களுக்குக் குடுங்க."

கிழக்குப் பார்த்த வீட்டுக்கு வந்தவர்கள் தங்கள் கால்மிதியோடு வந்தார்கள்.

அன்று சாயங்காலம், அதே அபார்ட்மென்ட்டில் முதல் மாடியில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய், கணவன் இளமாறனிடம் சொன்னாள். அவன் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்தான். எடிசனில் இரண்டு வருஷம், சான் ஹோசேயில் மூன்று, இங்கே மூன்று. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ப்ராஜெக்ட் நீளுமா நீளாதா என்று காத்திருக்கும் பிழைப்பு. எட்டு வருஷத்தில் எந்த வீட்டுக்கும் ஒரு சோபா வந்ததில்லை.

"ஏனுங்க, அந்தப் பையன் பொழப்புல நான் மண்ணை அள்ளிப் போட்டுட்டனுங்க."

"ஏம்புள்ள, ஒரு மெயில்ல போற வேலைன்னா அது நாளைக்குத் தானாவே போயிருக்கும். விடு."

"உங்க மேனேஜருக்கு இப்படி ஒரு மெயில் வந்திருந்தா விடுவீங்களா?"

இளமாறன் தட்டுவதை நிறுத்தினான். "சோபாவே வாங்காதவன்கிட்டப் போய் இதைக் கேக்கறயே."

பத்து வயது மகள் கயல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள்தான் சின்ன அணியின் ஆட்டங்களை லேப்டாப்பில் தேடிப் போட்டுக் கொடுத்தாள். வசந்தாமணி சப்பாத்தி தேய்த்துக்கொண்டே பார்த்தாள். அவன் போட்டிருக்கும் இருபத்து மூன்றாம் நம்பர் சட்டை எங்கே போகிறது என்பது மட்டும் தெரிந்தால் போதும் அவளுக்கு.

"இன்னிக்குக் கோல் போட்டானா?"

"நோ. அம்மா, ஹீ இஸ் நாட் தட் குட்."

"வாயை மூடு. எதுக்கு அவன் அடிக்கடி கீழ விழறான்?"

"பக்கை ப்ளாக் பண்றான். தட்ஸ் ஹிஸ் ஜாப் நவ்."

பக் என்பது கருங்கல் மாதிரி ஒரு ரப்பர் வட்டு. தன் ஆள் ஒருவன் தப்புப் பண்ணி வெளியே உட்கார்ந்திருக்க, மிச்ச நாலு பேர் ஐந்து பேரைத் தடுத்தாக வேண்டிய இரண்டு நிமிஷங்கள் உண்டு. அந்த நேரத்துக்கு இவனை இறக்கினார்கள். எதிராளி ஓங்கி அடிக்கும் வட்டுக்கு முன்னால் போய்ப் படுப்பதுதான் வேலை. கோலுக்குக் கை தட்டுகிற கூட்டம் இதற்கு அவ்வளவாகத் தட்டுவதில்லை. ஒரு நாள் வட்டு கணுக்காலில் பட்டு ஒற்றைக் காலில் சறுக்கிக்கொண்டே போய் இன்னொன்றையும் தடுத்தான். வசந்தாமணி தேய்ப்புக் கட்டையைக் கீழே வைத்துவிட்டாள். சப்பாத்தி ஒன்று கருகியது.

பிப்ரவரியில் மறுபடி மேலே கூப்பிட்டார்கள். மறுபடி அதே ஹோட்டல். ஒரு நாள் லீசிங் ஆபீஸ் பக்கம் வந்து எட்டிப் பார்த்தான். கொஞ்சம் இளைத்திருந்தான், நடையில் ஒரு சாய்வு.

"பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றாள். "கோல் போடறதை விட்டுட்ட போல."

"கீழே போன முதல் நாளே அங்கத்து கோச் சொல்லிட்டார். 'கோல் போடறவங்க மேலே ஆறு பேர் இருக்காங்க, உன்னைவிட நல்லா போடறவங்க. படுத்துத் தடுக்க ஆள் இல்ல. அது வேணுமா, இல்ல பின்லாந்துக்கு டிக்கெட் வேணுமா?'"

"நீ என்ன சொன்ன?"

"மூணு வாரம் கோபமா இருந்தேன். எட்டு வயசுலேருந்து கோல் போடறேன், வேற எதுக்கும் யாரும் என்னைக் கூப்பிட்டதில்ல."

"கோபம் போச்சா?"

"போகல. ஆனா ஐஸ்ல இருக்கற நேரம் கூடிப்போச்சு."

அவள் இத்தனை நாளாக அடக்கி வைத்ததைக் கேட்டாள். "உண்மையச் சொல்லு. என் மெயிலாலதான் அனுப்பினாங்களா?"

அவன் உடனே இல்லை என்று சொல்லவில்லை. அதுவே அவளுக்குப் பிடித்திருந்தது. "தெரியல. ஒரு வாரம் உங்க மேலதான் கோபமா இருந்தேன். அப்புறம் கோபப்பட வேற ஆட்கள் கிடைச்சுட்டாங்க."

மார்ச் முதல் வாரம், காலை பத்து மணி. அணியின் ஆபீஸிலிருந்து ஒரு பெண்மணி போன் பண்ணினாள். நவம்பரில் வந்த மெயிலில் இந்த நம்பர் இருந்ததாம். ஒரு படுக்கையறை வீடு ஏதாவது காலியாக இருக்கிறதா, ஆர்ட்டு கொவெரோவுக்கு.

வசந்தாமணி ஒரு சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "இருக்கு. மூணாவது மாடி, லைட் ரெயில் ஸ்டேஷன் பக்கம்."

"நல்லது. ப்ராக்டிஸ் முடிஞ்சதும் கோச்சே அவன்கிட்டச் சொல்லப் போறார். அதுக்கு முன்னாடி நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

"நான் யாருக்கும் எதையும் அனுப்ப மாட்டேன்," என்றாள். அந்தப் பெண்மணி சிரித்தாள்.

போனை வைத்துக் கால் மணி நேரம் ஆகவில்லை, அவனே வந்து நின்றான். ப்ராக்டிஸுக்குப் போகும் வழியாம். ஹோட்டலில் வாங்கி வைக்க மாட்டேன் என்கிறார்கள், பின்லாந்திலிருந்து அம்மா அனுப்பும் பார்சல் ஒன்றை இங்கே வாங்கி வைக்க முடியுமா என்று கேட்டான். அவள் மேஜையில் மூன்றாம் மாடிச் சாவி கிடந்தது. அதன்மேல் ஒரு பைலை நகர்த்தி வைத்தாள்.

"ஏதாவது சொன்னாங்களா?"

"இல்ல. ஒப்பந்தம் முடிய ஏழு வாரம் இருக்கு. ஊர்ல என் பழைய அணி கேட்டிருக்கு. இன்னும் ரெண்டு நாள்ல பதில் சொல்லணும். சரின்னு சொல்லிடலாம்னு இருக்கேன்."

வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. ஒரு வார்த்தை போதும், இவன் முகம் மாறிவிடும். போன தடவையும் நல்லது செய்யப் போய்த்தான் கெட்டது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"ரெண்டு நாள் இருக்கில்ல? இன்னிக்கே எதுக்குச் சொல்ற? போய் ஒழுங்கா ப்ராக்டிஸ் பண்ணு. பார்சல் வந்தா வாங்கி வெக்கிறேன்."

அவன் போனான். அவள் அன்று ஒரு மெயிலும் அனுப்பவில்லை. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு இருந்ததில் கொண்டு வந்த சாப்பாட்டையும் திறக்கவில்லை.

ஒன்றரை மணிக்கு அவன் கார் வந்து நின்றது. ஈரத் தலையோடு உள்ளே வந்து எதிரில் உட்கார்ந்தான். சிரிக்கவில்லை. இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டான்.

"போய் ஒரு வீடு பாருன்னார்."

"அப்படியா," என்றாள் வசந்தாமணி, ஒன்றும் தெரியாதவள் போல. பைலைத் தூக்கிச் சாவியை எடுத்தாள். "மூணாவது மாடி. அடுப்பு நாலும் எரியும், நேத்து நானே பார்த்தேன்."

படியேறும்போது முதல் மாடியில் அவளுடைய வீட்டைக் கடந்துதான் போக வேண்டும். வாசலில் அந்தக் கால்மிதி கிடந்தது. மூன்று மாத மிதியில் எழுத்து பாதி தேய்ந்து, நாரெல்லாம் மண்ணாகியிருந்தது. அவன் நின்று பார்த்தான்.

"சும்மாக் கிடந்துது, போட்டுட்டேன்," என்றாள். "கழுவித் தர்றேன், எடுத்துக்க."

அவன் ஷூவை அதில் இரண்டு தடவை அழுத்தித் தேய்த்தான். "இது உங்க வீடு," என்றான். "எனக்கு வேற வாங்கிக்கறேன்."

அவள் சாவியை ஆட்டிக்கொண்டு முன்னால் ஏறினாள். அவன் கணுக்கால் வலியோடு, ஒவ்வொரு படியாக, பின்னால் வந்தான்.