ரத்தினத்தின் வலது கை

நீ எந்த டிபார்ட்மெண்ட் என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். பதில் தெரியாததால் வருகிற எரிச்சல் அது. 1990-இல் பல்கலைக்கழகத்தில், பல துறைகள் ஒன்றுகூடி மூளையை ஆராயும் படிப்பு என்று புதிதாக ஒன்றைத் தொடங்கினார்கள். முதல் வருஷம் சேர்ந்தது மூன்று பேர். ஒருவன் பேங்க் வேலை கிடைத்ததும் போய்விட்டான். இன்னொருத்தி கல்யாணமாகிப் போய்விட்டாள். மிஞ்சியது மேற்குத் தாம்பரம் சாராள், அதாவது நான்.

எனக்கு இரண்டு கைடு. பிசிக்ஸில் பத்ரிநாராயணன் சார், விலங்கியலில் ராஜகோபால் சார். ஆளுக்கொரு கட்டடம், நடுவில் சைக்கிள் ஸ்டாண்ட். மூளையைப் பற்றிக் கேட்டால் அது ராஜகோபால் ஏரியா என்பார் பத்ரி சார். கணக்கைப் பற்றிக் கேட்டால் அது பத்ரி சமாச்சாரம் என்பார் ராஜகோபால் சார். ஆஸ்பத்திரி விஷயம் எதையாவது கேட்டால் இரண்டு பேரும், "உனக்குத் தெரியாததா" என்று சிரிப்பார்கள். மற்றவர் சொல்லிக் கொடுத்திருப்பார் என்று ஒவ்வொருவருக்கும் நம்பிக்கை. நானும் தெரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். தெரியாது என்று சொன்னால் இரண்டு கட்டடத்திலும் இடமில்லாமல் போய்விடுமோ என்று பயம்.

என் ஆராய்ச்சி, மூளையில் ரத்தக்குழாய் அடைத்துப் பேச்சை இழந்தவர்களைப் பற்றியது. வலது கையால் எழுதுகிறவர்களுக்குப் பேச்சு பெரும்பாலும் மூளையின் இடது பக்கத்தில் இருக்கும் என்பது புத்தகப் பாடம். நம் ஊர் ஆட்களுக்கும் அப்படித்தானா என்று பார்ப்பதுதான் என் வேலை. பதினான்கு பேரைப் பிடித்தேன். ஒன்பது பேருடைய ஸ்கேன் படங்கள் நகரத்துக்குள் இருந்த ஒரு சென்டரிலிருந்து வந்தன. மீதி ஐந்து, பல்லாவரம் பக்கம் புதிதாகத் திறந்திருந்த ஒரு சென்டரிலிருந்து. படத்தை விளக்குப் பெட்டியில் வைத்து, ரத்தம் போகாமல் அடிபட்ட இடத்தை டிரேசிங் பேப்பரில் வரைந்து, அளவெடுத்து, பத்ரி சாரின் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ராஜகோபால் சார் போட்ட சட்டம் ஒன்று உண்டு. டாக்டர் எழுதிய ரிப்போர்ட்டைப் படிக்கவே கூடாது. படித்தால் அவர் சொன்னதே நம் கண்ணுக்கும் தெரியும் என்பார். கண்ணைக் கட்டிக்கொண்டு செய்கிற சுத்தமான விஞ்ஞானம் என்று அதில் எனக்கு ஏகப்பட்ட கர்வம்.

பதினான்கில் ஐந்து பேருக்கு அடி வலது பக்கத்தில் இருந்தது. ஐந்து பேருமே வலது கைக்காரர்கள். நூற்றில் ஒருவருக்கு நடந்தாலே அதிசயம் என்று புத்தகம் சொல்ல, எனக்குப் பதினான்கில் ஐந்து. பத்ரி சார் கிராஃப் போட்டுப் பார்த்துவிட்டு, தற்செயலாக வர வாய்ப்பே இல்லை என்றார். ராஜகோபால் சார் தமிழ் எழுத்தின் வளைவு சுழிவுதான் காரணம் என்று ஒரு கதை கட்டி, அதைக் கட்டுரையாகவும் எழுத ஆரம்பித்துவிட்டார். அந்த ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை.

ஐந்து பேரில் ஒருவர்தான் கூடுவாஞ்சேரி ரத்தினம். ஜி.எஸ்.டி. ரோடு நெடுக வீட்டு மனை போர்டுகளை எழுதுகிற பெயிண்டர். கை கால் எல்லாம் நன்றாக இருந்தது. பேச்சு மட்டும் போய், "ஆமா" என்ற ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது. எழுத்தும் போய்விட்டது. நாற்பத்திரண்டு வயது. மனைவி கன்னியம்மா ஒரு நர்சரி ஸ்கூலில் ஆயா. நான் போனால் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, டாக்டரம்மா என்று கூப்பிடுவார். நான் அந்த மாதிரி டாக்டர் இல்லை, அந்தப் பட்டமும் இன்னும் வாங்கவில்லை என்று இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லவில்லை, கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அவருக்குப் பேச்சு வருமா என்று கன்னியம்மா கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது என் வேலையே அல்ல. ஆனால் ராஜகோபால் சாரின் லேபில் எலியின் ஒரு முன்னங்காலைக் கட்டிவிட்டு மற்ற காலுக்குப் பழக்கம் கொடுப்பதைப் பார்த்திருந்தேன். இடது கையை ஆட்டுவது வலது பக்க மூளை. ரத்தினத்தின் பேச்சும் வலது பக்கம் என்று என் படம் சொல்கிறது. இரண்டையும் நானே ஒட்டவைத்தேன். வலது கையைத் துண்டால் கட்டிவிடுங்கள், எல்லாவற்றையும் இடது கையால் செய்யட்டும், அந்தப் பக்க மூளை முழித்துக்கொண்டால் பேச்சும் வரலாம் என்று சொன்னேன். சாப்பாடுமா என்று கன்னியம்மா தயங்கினார். சாப்பாடும்தான் என்று அழுத்திச் சொன்னேன். எந்த கைடையும் கேட்கவில்லை.

எட்டு மாதம் கட்டினார். குளிக்கும்போது மட்டும் அவிழ்ப்பாராம். நான் மாதம் ஒரு தடவை போய் நோட்டில் குறித்துக்கொள்வேன். "தண்ணி" வந்தது, "இல்ல" வந்தது, "கன்னி" வந்தது. எல்லாம் ஒற்றைச் சொல்தான், சேர்த்துச் சொல்ல வரவில்லை. ஆனாலும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தீசிஸில் அவருக்கென்று தனி அத்தியாயமே ஒதுக்கினேன்.

பின்னிணைப்பில் சேர்ப்பதற்காக டாக்டர் ரிப்போர்ட்டுகளின் நகல் தேவைப்பட்டது. அளவெடுத்து முடித்துவிட்டதால் இனிப் படிக்கலாம் என்று ராஜகோபால் சார் சொன்னார். பல்லாவரம் சென்டருக்குப் போனேன். டெக்னீஷியன் ஜெயவேலு, என் வயசுதான் இருக்கும், ஐந்து ரிப்போர்ட்டையும் எடுத்துக் கொடுத்தார். ஐந்திலும் இடது பக்கம் என்று டைப் அடித்திருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. உங்கள் டைப்பிஸ்டுக்கு இடது எது வலது எது என்று தெரியாதா, நோயாளி விஷயத்தில் இப்படியா என்று ரிசப்ஷனில் நாலு பேர் பார்க்கச் சத்தம் போட்டேன். ஜெயவேலு என் கையிலிருந்த படக் கவரை வாங்கினார். ரத்தினத்தின் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"நம்ம படம் எல்லாம் பேஷண்ட் கால்மாட்டுல நின்னு பாக்கற மாதிரி மேடம். அவரோட எடது, உங்களுக்கு வலது பக்கமாத்தான் தெரியும். எல்லா டாக்டருக்கும் தெரிஞ்சதுதான், அதனாலதான் படத்துல எழுதறதில்ல."

மற்ற சென்டரில் அப்படி இல்லையே என்றேன்.

"அது மூளை ஆபரேஷன் பண்ற டாக்டரோட சென்டர் மேடம். அவரு தலைமாட்டுல நின்னு வேலை பாக்கறவரு. மேலேர்ந்து பாக்கற மாதிரிதான் அவருக்குப் படம் வோணும்."

முதலில் நான் பார்த்தது அந்த ஒன்பது படங்களை. இடது என்றால் இடது என்று அங்கேதான் பழகினேன். அதே கண்ணோடு இந்த ஐந்தையும் பார்த்துத் தொலைத்தேன். அதிசயமும் கிடையாது, தமிழ் எழுத்தின் வளைவு சுழிவும் கிடையாது. ஐந்து பேரும் புத்தகத்தில் இருக்கிறபடியே இருந்தார்கள். ஜெயவேலு தண்ணீர் கொடுத்தார். மன்னிப்புக் கேட்டேனா என்று ஞாபகமில்லை.

கைடுகளிடம் சொல்லும்போது என்னைத் துரத்திவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். பத்ரி சார் ஐந்து புள்ளிகளையும் மறுபக்கம் நகர்த்திப் பார்த்துவிட்டு, இப்போதுதான் கிராஃப் அழகாக இருக்கிறது என்றார். ராஜகோபால் சார் தன் கட்டுரையைக் கிழித்துப் போட்டார். அதில் கொஞ்சம் வருத்தம் அவருக்கு. ஆனால் புத்தகத்தோடு ஒத்துப்போகிற தீசிஸ் என்றால் தேர்வாளர் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடுவார் என்று எனக்கு ஆறுதலும் சொன்னார். ரத்தினத்தின் அத்தியாயத்தை மட்டும் எடுத்துவிட்டால் போதுமாம். அந்த ஆளின் கையை எட்டு மாதமாகக் கட்டிப் போட்டிருக்கிறார்களே சார் என்றேன். அது மருத்துவம் சம்பந்தப்பட்டது என்றார் பத்ரி சார். அதுதான் இனிமேல் தீசிஸில் இல்லையே என்றார் ராஜகோபால் சார். சைக்கிள் ஸ்டாண்டில் வெகுநேரம் நின்றேன். பட்டம் தப்பித்தது. அதில் சந்தோஷப்படுவதா, வெட்கப்படுவதா என்று புரியவில்லை. வெட்கம்தான் அதிகமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செங்கல்பட்டு வண்டியில் ஏறினேன். என்ன சொல்வது என்று வண்டலூர் வரை ஒத்திகை பார்த்தேன். படம், கால்மாடு, தலைமாடு என்று ஆரம்பித்தால் எனக்கே தலை சுற்றியது. பேசாமல் திரும்பிவிடலாம் என்று ஊரப்பாக்கத்தில் எழுந்து நின்றேன். இறங்கவில்லை.

ரத்தினம் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். வலது கை இடுப்போடு சேர்த்துப் பச்சைத் துண்டால் கட்டியிருந்தது. துவைத்துத் துவைத்து நைந்துபோன துண்டு. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. கன்னியம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு தட்டை எடுத்தார். ஒத்திகையெல்லாம் மறந்துபோய், நான் சொன்னது தப்பு என்று நேராகச் சொல்லிவிட்டேன். படத்தை மாற்றிப் பார்த்துவிட்டேன், அண்ணனுக்கு அடி இடது பக்கம்தான், கையைக் கட்டச் சொன்னதற்கு அர்த்தமே இல்லை என்றேன்.

கன்னியம்மா எடுத்த தட்டைக் கீழே வைத்தார்.

"எங்க நாத்தனார் பொண்ணு கல்யாணத்துல இவரு எடது கைல சாப்ட்டாரு. பக்கத்துல குந்திகினு இருந்த ஆளு எலைய மூடிட்டு எழுந்து பூட்டாரு. எல்லாம் சிரிச்சாங்க. நான்தான் ஒவ்வொருத்தர்கிட்டயா போய்ச் சொன்னேன், யுனிவர்சிட்டி டாக்டரம்மா சொல்லிக்கீறாங்க, நீங்க இன்னா கண்டீங்கன்னு."

திட்டியிருந்தால் தேவலை. கண்ணில் தண்ணீர் முட்டியது. ரத்தினத்தின் பக்கத்தில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தேன். நனைந்து காய்ந்த முடிச்சு, லேசில் வரவில்லை, நகத்தால் கிள்ளி எடுக்க வேண்டியிருந்தது. மணிக்கட்டில் தோல் வெளுத்து வரிவரியாக இருந்தது. இனிமேல் கட்ட வேண்டாம் அண்ணா, சாப்பிடுங்கள் என்றேன்.

அவர் வலது கையைத் தட்டுக்குக் கொண்டுபோனார். பாதியில் நிறுத்தினார். இடது கையைத் தூக்கினார், அதையும் இறக்கினார். கன்னியம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். உதடு இரண்டு மூன்று தடவை கோணியது.

"எந்த... கைல?"

கன்னியம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினார். சிரித்தார், அழுதார், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு வார்த்த சேத்துச் சொல்ட்டாரும்மா," என்றார். பிறகு என் மடியிலிருந்த துண்டை எடுத்து உதறி, மூலைக்கு மூலை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"நீங்க தப்புன்றீங்க. ஆனா பேச்சு வந்துடுச்சே. இப்ப திருப்பிக் கட்டட்டா, வோணாவா?"

கட்டியதால் வந்ததா, கட்டியும் வந்ததா, எட்டு மாதத்தில் தானாக வந்திருக்க வேண்டியதா, இப்போது அவிழ்த்ததால் வந்ததா என்று எனக்குப் புரியவில்லை. பையில் நோட்டு இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை.

"தெரியலக்கா," என்றேன்.

ரத்தினம் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார்.