ஸ்பிரிங்குக்குப் பதில் மாமனார்

...அசையவே இல்லை என்று சொன்னால் அது அபாண்டம், அசைகிறது, ஆனால் வேண்டாவெறுப்பாக அசைகிறது, போட்டோவுக்குச் சிரிங்க என்றதும் சிரிக்கிற ஆள் மாதிரி. அவன் கிட்டாரின் வால்பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த வளைந்த கைப்பிடியைச் சுண்டுவிரலால் இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்தான், ம்ஹூம். பழைய பாணி நடுக்கப்பிடி இது, ஆறு கம்பிகளும் ஓர் உருளையில் போய் மாட்டிக்கொண்டிருக்கும், அமுக்கினால் உருளை துளி திரும்பும், கம்பிகள் தளரும், ஸ்வரம் மெல்லக் கீழே இறங்கும், விட்டால் கைப்பிடிக்கு அடியில் இருக்கும் ஒரே ஒரு ஸ்பிரிங் எல்லாவற்றையும் பழைய இடத்துக்குத் தூக்கிவிடும், அவ்வளவுதான் வித்தை. பாதாளத்துக்கு இறங்கி ஏறுகிற சர்க்கஸெல்லாம் புது மாடல்களுக்கு, இது தளும்பும், நிறைகுடத்தைத் தொட்ட மாதிரி தளும்பும், அந்த ஒரு தளும்பலுக்காகத்தானே இவ்வளவு பாரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு இருபது வருஷமாக அலைகிறான்... ஆனால் ஸ்பிரிங் இருந்தால்தானே தளும்பும். ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் இப்போது மாமனாரின் கைத்தடி நுனியில் மாட்டுகிற ரப்பர் புஷ் அல்லவா உட்கார்ந்திருக்கிறது.

காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் கண்ணாடிக்கு அந்தப்பக்கத்திலிருந்து ஒலிப்பதிவுக்காரர் பேசினார். "சார், அமுங்கணும் சார். மெத்தை விளம்பரம் இல்லையா, உட்கார்ந்தா அமுங்குற மாதிரி. எழுந்தா பழைய உயரத்துக்கே வந்துடணும். இப்ப நீங்க வாசிச்சது பெஞ்சுல உட்கார்ந்த மாதிரி இருக்கு." பெஞ்ச்! சொல்லுவார், ஏன் சொல்லமாட்டார், எண்பத்திரண்டு கிலோ மாமனாரை எட்டு மாதமாகத் தாங்கிய ரப்பர், இவன் சுண்டுவிரலுக்கா வளைந்துகொடுக்கும்? அதுவும் பார்த்தால் நேற்று வாங்கியது போல இருந்தது, அடியில் இருக்கும் வரிகூட அழியவில்லை, நல்ல கம்பெனி சரக்கு போல என்று கழற்றும்போதே நினைத்தான்... கழற்றும்போது என்ன கழற்றும்போது, திருடும்போது என்று சொல்லடா.

எல்லாம் கம்பி மாற்ற உட்கார்ந்ததால் வந்த வினை. இந்த நடுக்கப்பிடியில் கம்பி மாட்டுவதற்கு ஆண்டவன் மூன்று கை கொடுத்திருக்க வேண்டும், கம்பி நுனியில் இருக்கும் குண்டை உருளையின் முளையில் மாட்டி, அது நழுவாமல் ஒரு கையால் பிடித்து, இன்னொரு கையால் முறுக்கி, பாதி முறுக்கும்போது மூக்கு அரித்தால் போச்சு, டக்கென்று கழன்றுகொள்ளும். ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும் என்று தெரியாதா அவனுக்கு? தெரியும். அவசரத்தில் ஆறையும் சேர்த்துக் கழற்றினான், இழுத்துப் பிடிக்க ஒரு கம்பியும் இல்லை என்றதும் ஸ்பிரிங் துள்ளிக் குதித்தது, தரையில் இரண்டு தட்டு, பால்கனி ஓட்டை, குழாய்க்குள் கணகணவென்று இறங்கி ஒரேயடியாகப் போய்விட்டது. மணி அப்போது பன்னிரண்டு, ஒன்றரைக்கு ஒலிப்பதிவு. பேனா ஸ்பிரிங்கை வைத்தான், படுத்துவிட்டது. அழிரப்பரை வைத்தான், இரண்டாகப் பிளந்தது. அப்போதுதான் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்த மாமனாரின் தலைமாட்டில் சாத்தியிருந்த கைத்தடி கண்ணில் பட்டது, அளந்து செய்ததுபோல அதே உயரம் அந்தப் புஷ். நாலு மணிக்குத்தான் எழுந்திருப்பார், மூன்றுக்கெல்லாம் வந்து மாட்டிவிடலாம், யாருக்கு என்ன நஷ்டம்? யாருக்குத் தெரியும், மூன்று வயலின்காரர்கள் ஒரே சுருதிக்கு வந்து சேரவே இரண்டு மணி நேரம் ஆகும் என்று? இப்போது மூன்று நாற்பது.

மூன்று நாற்பது... நாலு மணிக்கு எழுவார், எழுந்ததும் நேராகக் குளியலறை, ஈரத் தரை, வழவழப்பான டைல்ஸ், கம்பு நுனியில் வெறும் அலுமினியக் குழாய். ஐயோ. வீட்டில் வேறு ஒருவரும் இல்லை, மனைவி வேலையிலிருந்து வர ஆறாகும். "வேற எதுவும் செய்ய வேண்டாம், திங்கட்கிழமை திங்கட்கிழமை அந்தப் புஷ் தேய்ஞ்சிருக்கான்னு பாருங்க, அது போதும்" என்று அவள் அவனிடம் ஒப்படைத்த ஒரே வேலை அது. அதையும் ஒழுங்காகப் பார்க்காமல் புஷ்ஷையே கொண்டுவந்துவிட்டவனை அவள் என்ன செய்வாள்? கத்தமாட்டாள், கத்தினால்கூடப் பரவாயில்லை, பேசாமல் பார்ப்பாள். "சார், அடுத்த டேக்." வாசித்தான். இறங்கியது, பாதி ஏறியது, நின்றுவிட்டது. வீட்டில் இருந்திருந்தால் இந்நேரம் ஹாலிலிருந்து மாமனார் குரல் வந்திருக்கும், "மாப்பிள்ளை, முள்ளு சைபருக்கு வரல" என்று. முப்பத்தைந்து வருஷம் தராசு பழுது பார்த்த மனுஷன், இசையில் ஒன்றும் தெரியாது, ஆனால் இறங்கிய ஸ்வரம் சரியான இடத்துக்குத் திரும்பவில்லை என்றால் அவருக்குப் பொறுக்காது, கழுத்தறுப்பு, டிவியை அலறவிட்டுக்கொண்டே அதையும் கண்டுபிடிப்பார். கால் உடைந்து இங்கே வந்த எட்டு மாதமாக இதே பாட்டு. "கால் சரியானதும் என் வீட்டுக்குப் போயிடறேன்" என்பது இன்னொரு பாட்டு, வாரத்துக்கு இரண்டு முறை, போகட்டுமே என்று இவனும் வாரத்துக்கு இரண்டு முறை மனசுக்குள் சொல்லிக்கொள்வது. அந்த வீடோ பூட்டிக் கிடக்கிறது, மாமியார் போன பிறகு அங்கே அவரும் சுவரும்தான்.

"ஒரு நிமிஷம் சார், வீட்டுக்கு ஒரு போன்" என்று கிட்டாரைத் தோளில் தொங்கவிட்டபடியே வராந்தாவுக்கு வந்தான், எண்ணை அழுத்தினான், முதல் மணி அடித்தது, அடித்த பிறகுதான் உறைத்தது. அடப்பாவி, என்ன காரியம் செய்தாய்! கையில் வைத்திருந்தால் சார்ஜ் குறைந்துவிடும் என்று மாமனார் போனை ஹாலில் சொருகி வைத்திருப்பாரே, படுக்கையிலிருந்து ஹாலுக்குப் பதினேழு அடி, உடற்பயிற்சி வைத்தியர் எண்ணிச் சொன்ன பதினேழு, கம்பை ஊன்றி நடந்தால் இரண்டு நிமிடம், தூங்குகிறவரை நீயே எழுப்பி அந்த வழுக்குத் தரையில் நடக்க வைக்கிறாயே, வெட்டு, வெட்டிவிடு. இரண்டாவது மணி. வெட்டினால்? பாதி வழியில் இருப்பார், மணி நின்றதும் திரும்புவார், திரும்பும்போதுதான் விழுவார்கள் என்று அதே வைத்தியர்தானே சொன்னார்... வெட்டக் கூடாது, அடிக்கட்டும், அடித்து அடித்து ஹால்வரை கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைக்கட்டும், மாமா, சுவரைப் பிடிங்க மாமா, அவசரமே இல்ல, நாளைக்கு வந்துகூட எடுங்க, தெய்வமே, எலும்பு மட்டும் உடையாமல் பார்த்துக்கொள், இனிமேல் அவர் டிவி சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை... மூன்றாவது மணி.

"ஹலோ. என்ன மாப்பிள்ளை?"

மூச்சுகூட வாங்கவில்லை. "மாமா... ஹால்லயே இருக்கீங்களா?"

"உள்ள படுத்திருந்தேன். மணி அடிச்சுது, வந்தேன்." மூன்று மணியோசை, பதினேழு அடி. இவன் கணக்கில் கொஞ்சம் மந்தம்தான், ஆனால் இவ்வளவு மந்தம் இல்லை. அவருக்கும் என்னவோ உறைத்திருக்க வேண்டும், தொண்டையைச் செருமிக்கொண்டார். "கம்பை ஊனிக்கிட்டுத்தான் வந்தேன்."

"வழுக்கலையே மாமா?"

"வழுக்கறதாவது! நீங்கதான் வாராவாரம் பார்த்து வைக்கிறீங்களே. புஷ்ஷு கும்முனு பிடிச்சுக்குதே."

அந்தப் புஷ் இவன் சுண்டுவிரலுக்கு அடியில், நடுக்கப்பிடிக்குக் கீழே, கும்மென்றுதான் உட்கார்ந்திருந்தது. விழவில்லை, மனுஷன் விழவில்லை, அப்பாடா என்று சுவரில் சாய்ந்துகொண்டான், அடுத்த நொடியே பற்றிக்கொண்டு வந்தது, அட கிழவா, எத்தனை மாதமாக இந்தக் கம்பு நாடகம்? கையைப் பிடித்து மாடிப்படி ஏற்றியதெல்லாம்? ஆட்டோ பிடிக்கத் தெருமுனைவரை ஓடியதெல்லாம்? கையும் களவுமாக மாட்டிக்கொண்டார், ஒரு வார்த்தை மனைவியிடம் சொன்னால் போதும், ஞாயிற்றுக்கிழமையே பெட்டி கட்டிவிடலாம். புஷ்ஷை எடுத்ததற்கு இவன் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும், அது ஒருநாள் கூத்து, ஹால் நிரந்தரமாகத் திரும்பக் கிடைக்கும். வீட்டுக் கடிகாரம் போனில் கேட்டது.

"இருந்தாலும் கம்பில்லாம மட்டும் நடந்துடாதீங்க மாமா" என்றான். "உங்க கால் இன்னும் சரியாகல. அவகிட்டயும் நான் அதைத்தான் சொல்லிட்டிருக்கேன்."

"ஆமா மாப்பிள்ளை" என்றார் மாமனார். "அதுக்கு இன்னும் நாளாகும்."

போன் அணைந்தது. ஒலிப்பதிவுக்காரர் கதவைத் திறந்து தலையை நீட்டி, வாங்க சார் என்று கையை ஆட்டினார், வருகிறேன் என்று இவனும் ஆட்டினான், ஆனால் கால் நகரவில்லை. என்ன சொல்லித் தொலைத்தோம் இப்போது? அவர் கேட்டாரா, யாராவது கேட்டார்களா, அவ்வளவு அழுத்தமாக, தலைமை டாக்டர் மாதிரி, கால் இன்னும் சரியாகல என்று... சொன்ன பிறகு பொய் சொன்ன மாதிரிகூட இல்லையே. அப்படியென்றால் இவ்வளவு நேரமும் பயந்தது எதற்கு, அவர் விழுந்துவிடுவார் என்றா, எழுந்து போய்விடுவார் என்றா?