அய்யாதுரையின் தேயாத டயர்கள்

அய்யாதுரை வாங்கிப் போட்ட டயர்கள் தேயவில்லை. அவற்றுக்குப் பதிலாக அய்யாதுரை தேய்ந்தார். தி. நகரில் எவர்சில்வர் பாத்திரக்கடை வைத்திருந்த அவர், சில மழைக்காலங்களுக்குள் ஒரு சாண் உயரத்தையும் கைரேகைகளையும் இடது தோளில் பாதியையும் இழந்தார். அடையாறு இந்திரா நகரில் அவர் குடியிருந்த தெருவில் இது பெரிய பேச்சாகவில்லை. மெட்ரோ வேலைக்காகச் சாலைகளை மறித்துத் தகரம் அடித்திருந்த வருடங்கள் அவை. வேலைக்குப் போய் வீடு திரும்புகிற எல்லோருமே கொஞ்சம் குறைந்துதான் வந்தார்கள்.

அவர் பந்தயக்காரர் அல்ல. உடன்குடிப் பக்கமிருந்து வந்த குடும்பம், ஐம்பதை நெருங்கிய வயது, காலையில் ஷட்டரைத் தூக்கியதிலிருந்து இறக்கும்வரை அண்ணாச்சி, அண்ணாச்சி என்று யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருக்கிற பிழைப்பு. கடையின் வரிக்கணக்கைப் பார்க்கும் அஸ்வத் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேடிக்கை பார்க்கலாமென்று அவரை இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்கு அழைத்துப்போய், பக்கத்து சீட்டில் உட்காரவைத்துச் சில சுற்றுகள் ஓட்டினான். ஹெல்மெட்டுக்குள் ஒரு குரலும் கேட்கவில்லை. வளைவில் உடம்பு ஒரு பக்கமாகச் சாயும்போது, பல வருடங்களாக முதுகில் உட்கார்ந்திருந்த அலுப்பு மறுபக்கமாக இறங்கிப் போனதை அய்யாதுரை உணர்ந்தார். அந்த வருடமே பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கி பிரேக்கையும் சஸ்பென்ஷனையும் மாற்றினார். வாரநாளில் அதே காரின் பின்சீட்டில் இட்லிப் பானைகள் குலுங்கக் கடைக்குப் போவார். மாதத்தில் ஒரு ஞாயிறு பானைகளை இறக்கிவைத்துவிட்டுத் தடத்துக்குப் போவார்.

டயர்தான் தகராறு. தடத்துக்கு ஒரு செட், தெருவுக்கு ஒரு செட் என்று வைத்துக்கொள்ள, மகள் மதுமதியை ஹாஸ்டலில் சேர்த்துப் படிக்கவைக்கிற பாத்திரக்கடைக்காரரால் ஆகாது. வெளிநாட்டு மென்ரப்பர் டயர் தரையை வெல்லப்பாகு மாதிரி பிடித்தது, ஆனால் நாலைந்து ஞாயிறுகளில் கரைந்துபோனது. நவம்பர் மழையில் உஸ்மான் சாலைத் தண்ணீரில் வழுக்கவும் செய்தது. கெட்டி ரப்பர் டயர் மகள் கல்யாணம்வரை உழைக்கும், ஆனால் வளைவில் கிரீச்சிட்டுக் காரை மண்ணுக்குத் தள்ளும். இரண்டுக்கும் நடுவில் ஏதாவது உண்டா என்று ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கடை வைத்திருந்த ஷஃபியுல்லாவிடம் கேட்கப் போனார். ஷஃபியுல்லா பின்னறையிலிருந்து நான்கு டயர்களை உருட்டி வந்தார். பக்கவாட்டில் எந்தக் கம்பெனியின் பேரும் இல்லை. அவ்வளவு குறைந்த விலையைக் கேட்டுவிட்டு, காதில் சரியாக விழவில்லையோ என்று அய்யாதுரை இன்னொரு தடவை கேட்டார்.

“புடிக்கிற டயரு தேயும் சார், தேயாத டயரு புடிக்காது,” என்றார் ஷஃபியுல்லா. “இது ரெண்டும் இல்ல. புடிக்கும், தேயாது. ஆனா தேய்மானம்னு ஒண்ணு கீதே, அது வேற எங்கனா போவும்.”

“எங்கயும் போட்டும் பாய்,” என்றார் அய்யாதுரை.

டயர்கள் சொன்னபடியே உழைத்தன. அஸ்வத் தடுமாறுகிற வளைவில் அய்யாதுரையின் கார் தண்டவாளத்தில் போவது போலப் போனது. முதலில் கைரேகை போயிற்று. விரலை வைத்தால் போன் திறக்கவில்லை. பாத்திரம் புழங்குகிற கைகளுக்கு இது வருவதுதான் என்று வங்கியில் சொன்னார்கள். அடுத்து குதிகால் வெடிப்புகள் மறைந்து பாதம் குழந்தைப் பாதம் போலாயிற்று. தடத்தில் வலப்பக்க வளைவுகள் அதிகம், இடதுபக்க டயர்கள்தான் பாரம் தாங்கும். அதனால் அவருக்கு இடது தோள் சரிந்தது. பேன்ட் தரையில் புரள ஆரம்பித்தபோது, அவருடைய மனைவி தங்கபுஷ்பம் தையல்கடை டேப்பை எடுத்துவந்து அவரைச் சுவரோரம் நிறுத்தி அளந்தாள். டாக்டர் ரத்தம் நன்றாக இருக்கிறதென்று சொல்லி, உப்பைக் குறைக்கச் சொன்னார். ஷஃபியுல்லா ஆழம் பார்க்கிற கம்பியை டயர்ப் பள்ளங்களில் விட்டுப் பார்த்தார். நூலளவும் குறைந்திருக்கவில்லை. ஆள் தேய்வதற்கு மாற்று தருகிற வழக்கம் வியாபாரத்தில் இல்லையென்று வருத்தத்தோடு சொல்லி, கழற்றிவைத்துவிட்டு கெட்டி ரப்பர் போடும்படி யோசனை சொன்னார்.

அய்யாதுரை அப்படியே செய்தார். பழைய நான்கும் பால்கனியில் சாக்குப் போர்த்திக் கிடந்தன. கெட்டி ரப்பரில் போன முதல் ஞாயிறே கார் வளைவைவிட்டு மண்ணில் இறங்கி நின்றது. அதன்பிறகு அவர் தடத்துக்குப் போகவில்லை. தேய்வதும் நின்றுபோயிற்று. கடையில் வெயிட் போட்ட காகிதம் போல உட்கார்ந்திருந்தார். ஞாயிறுகளில் டிவியை அணைத்து வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சோறு வைத்தால் சாப்பிட்டார். என்ன குழம்பு என்று கேட்டால் தெரியவில்லை. ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் இப்படிப் போயின.

கத்திரி வெயில் முடிந்த வாரத்தில் தங்கபுஷ்பம் பால்கனிச் சாக்கை உருவிவிட்டு, டயர்களை ஒவ்வொன்றாக ஹாலுக்கு உருட்டிக்கொண்டு வந்தாள். அவளிடம் லைசென்ஸ் இருந்தது. மகள் பிறந்த வருடம் வாங்கியது, அடையாள அட்டையாக மட்டும் பயன்பட்டது.

“இத எடுத்து மாட்டுங்க. நானும் ஓட்டுதேன்,” என்றாள்.

“தேஞ்சு போவ, புஷ்பம்.”

“இங்க மட்டும் என்ன செய்யுதேன்? இருவது வருசமா இந்த அடுப்படிக்குள்ள தேஞ்சுக்கிட்டுதான் கெடக்கேன். ஒருத்தரும் டேப்பு வச்சு அளக்கல.” அவள் கடைசி டயரைச் சுவரில் சாய்த்துவைத்தாள். “தேயத்தான் போறேன்னா, வெளிய போய்த் தேயுதேன்.”

 அய்யாதுரை அவளை ஏற இறங்கப் பார்த்தார். கல்யாணத்தில் அவருடைய காதுவரை நின்றவள், இப்போது குனிந்த முதுகோடு தன் தோளுக்குக் கீழே நிற்பதை அப்போதுதான் கவனித்தார். தான் இவ்வளவு குறைந்த பிறகும் அவள் கீழேதான் நின்றாள். அன்று இரவு சமையல் அவருடையது. ரசத்தில் உப்பு கூடிப்போனது.

முன்டயர்களைப் பின்னாலும் பின்டயர்களை முன்னாலும் மாற்றிப்போட்டால் எல்லாம் ஒன்றுபோலத் தேயும் என்பது டயர்க் கடைகளில் எல்லோரும் சொல்வது. தங்கபுஷ்பம் அதை ஆட்களுக்குச் செய்தாள். ஒரு மாதம் அவர், ஒரு மாதம் அவள். வீட்டு அடுப்படியிலும் கடை மேசையிலும் அப்படியே. தடத்தில் புதியவர்களுக்கான வகுப்புக்கு முந்தானையைச் செருகிக்கொண்டு போனவள், இரண்டாவது வருடம் சுடிதாருக்கு மாறி, அஸ்வத்தின் சுற்று நேரத்தை முறியடித்தாள். கைரேகை அவளுக்கும் போயிற்று. எப்போதும் எரிந்துகொண்டிருந்த குதிகால் வெடிப்பு போனதில் அவளுக்கு வருத்தமில்லை. விடுமுறைக்கு வந்த மதுமதி இருவரையும் பார்த்து அழுதாள், பிறகு இருவருடைய உடுப்புகளையும் சுருக்கித் தைக்கக் கொடுத்தாள்.

தங்கபுஷ்பத்தின் முதுகு நிமிர்ந்ததில், இப்போது இருவரும் ஒரே உயரம். டயர்கள் வாங்கிய நாளில் இருந்தபடியே இருக்கின்றன, தனக்கு விற்கச் சொல்லி அஸ்வத் கேட்டுக்கொண்டிருக்கிறான். கார் சீட்டில் ஒரு திண்டு ஏறியிருக்கிறது. கடைக்கு வருகிறவர்கள் மேசைக்கு முன்னால் நின்று, கொஞ்சம் எட்டிக் குனிந்து, குக்கர் என்ன விலை என்று கேட்கிறார்கள். அந்தப் பக்கம் யார் இருக்கிறாரோ அவர் சொல்கிறார்.