கழுத்தில் இருந்த காரணம்

கணவர் லியோனார்டை அடக்கம் செய்த அன்று அமலோற்பவம் அழவில்லை. வந்தவர்கள் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்றார்கள். மகள் ஃபெலிசியா அதன் பிறகு அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதுவும் அமலோற்பவத்துக்கு உறைக்கவில்லை. உடம்பு கனத்தது, எந்நேரமும் குளிரெடுத்தது, அவ்வளவுதான்.

எட்டு மாதம் கழித்து அம்மாவின் கழுத்து முன்பக்கம் புடைத்திருப்பதை ஃபெலிசியாதான் கவனித்து, குளுவாங் நகரில் ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனாள்.

இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், "தைராய்டு வீங்கியிருக்கு. சிலருக்கு அயோடின் பத்தாம வரும். உங்களுக்கு உடம்போட எதிர்ப்புச் சக்தியே அந்தச் சுரப்பியத் தாக்குது. ரொம்ப நாளாவே இருந்திருக்கும். சோர்வு, மனசு மரத்துப்போறது எல்லாம் இதனால வரலாம்" என்றார்.

"அப்பா சாவுல அம்மா அழாம இருந்தது கூடவா டாக்டர்?"

"இருக்கலாம்மா."

காரில் ஏறியதும் ஃபெலிசியா உடைந்து அழுதாள். "சாரிம்மா. உங்கள தப்பா நெனச்சிட்டேன்."

அமலோற்பவம் மகளின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். தானும் அழ வேண்டிய நேரம் என்று தெரிந்தது. அழுகை வரவில்லை.

"மாத்திரைய எப்ப சாப்பிடச் சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"காலையில, வெறும் வயித்துல."

"சரி, நாளைக்கே ஆரம்பிச்சிடுறேன். நீ அழாத."