அருந்ததிக்குப் பொட்டு வைத்த கமிட்டி

ஒருவர் செத்து முப்பது வருஷம் கழித்தும் பதவி உயர்வு வாங்கலாம். பினாங்கில் வாங்கினார்கள். டத்தோ கிராமாட்டில் எங்கள் சங்கத்து மாடியறையில் குடும்ப ஆவணக் காப்பகம் என்று ஒன்று தொடங்கிய எண்பத்தாறாம் ஆண்டில், ரயில்வேயில் டிக்கெட் கிழித்த அப்பாக்கள் எல்லாம் ஒரே மாதத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் ஆனார்கள். ஆபீஸில் கணக்கு எழுதிய சாதாரணக் கிராணிகள் தலைமைக் கிராணிகள் ஆனார்கள். தலைமைக் கிராணிகள் என்ன ஆனார்கள் என்பதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

அதுவரை அந்த அறையில் கால் உடைந்த நாற்காலிகளும் அன்னதான அண்டாக்களும் கிடந்தன. அண்டாவை வெளியே எடுத்துவிட்டு வரலாற்றை உள்ளே வைத்தவர் சங்கத் தலைவர் சிவகுருநாதன், பி.ஜே.கே. அந்த மூன்றெழுத்து மாநில அரசு கொடுத்த பதக்கம். அது அவர் வீட்டுத் தபால் பெட்டியில் இருந்தது, மகள் கல்யாணப் பத்திரிகையில் இருந்தது, கிளினிக்கில் வாங்கிய மூலநோய் மருந்துப் போத்தலின் மேலும் இருந்ததாகக் கேள்வி.

குடும்பங்களின் நினைவுகள் அழியக்கூடாது என்று பத்திரிகையில் அறிக்கை விட்டார். மக்கள் கொண்டுவந்து குவித்தார்கள். நற்சான்றிதழ்கள், பிரியாவிடைப் படங்கள், வெள்ளைக்காரத் துரை போகிற போக்கில் எழுதிய இரண்டு வரிப் பாராட்டு, கண்ணாடிச் சட்டத்துக்குள் கோட்டு, தலைப்பாகை, மீசை. அண்ணன் தம்பி சண்டை ஒன்றுகூட வரவில்லை. பரீட்சையில் கோட்டைவிட்ட பிள்ளை எந்த வீட்டிலும் இல்லை. எல்லாம் வீட்டிலேயே வெளுத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி பிடித்து வந்தவை. பழைய காகிதம் இருக்கும் அறைக்குள் போனால் தும்மல் வரவேண்டும். இங்கே குமட்டல் வந்தது.

அந்த அறைக்குத்தான் புஷ்பராணி டீச்சர் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். சமீபத்தில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். குடியிருந்த வாடகை வீட்டை வீட்டுக்காரர் திரும்பக் கேட்டுவிட்டதால், கடலுக்கு அந்தப் பக்கம் செபராங் ஜெயாவில் அண்ணன் மகன் ஜெயராஜ் வீட்டுக்குப் போகிறார். டின்னுக்குள் அவருடைய அக்காள் அருந்ததி இருந்தாள். தாதியர் பயிற்சியில் சேர்ந்த சீட்டு, தலையணை உறையில் தைப்பதற்காகப் பென்சிலால் வரைந்த ஒரு மயில், தாதி உடையில் ஒரு புகைப்படம். சட்டமில்லை, கண்ணாடியில்லை. வெறும் அட்டை. ஜப்பான்காரன் காலத்தில் காய்ச்சல்காரர்களைக் கவனித்து, அதே காய்ச்சலில் இருபத்திரண்டு வயதில் போய்ச் சேர்ந்தவள்.

“வீட்டுலயே வச்சுக்கலாமே டீச்சர்?” என்றார் காப்பகச் செயலாளர் நாகநாதன். டீச்சரைவிடப் பத்து வயது இளையவர். எதற்கும் முதலில் ஓடுகிறவர்.

“ஜெயராஜ் பொஞ்சாதி வேணாங்குது தம்பி. கல்யாண வயசுல பொண்ணு இருக்கற வீட்டுல, கல்யாணம் ஆகாம செத்தவ படம் இருக்கக்கூடாதாம். இந்த மாதிரி இன்னொரு டின்னை ஏற்கெனவே குப்பைத் தோங்குல போட்டுடுச்சு.”

தலைவர் டின்னை எட்டிப் பார்த்தார். “உங்க அப்பா விநாசித்தம்பி படம் எங்க டீச்சர்?”

“அதுவும் கொண்டாந்திருக்கேன் அண்ணே. ஆனா இதுதான் முக்கியம்.”

“அக்கா என்ன போஸ்ட்ல இருந்தாங்க? மேட்ரனா?”

“இல்ல. தாதி.”

“சிஸ்டரா?”

“சும்மா தாதி அண்ணே. பயிற்சி முடிச்சு ரெண்டு வருஷம்தான்.”

தலைவர் முகத்தில் ஈ உட்கார்ந்தது போலாயிற்று. நாகநாதன் உதவிக்கு வந்தார். “இருந்திருந்தா மேட்ரன் ஆகியிருப்பாங்கன்னு போட்டுடலாம் லா.”

“ஒண்ணும் போட வேணாம்,” என்றார் டீச்சர். “இந்தப் படத்துக்கு வேற காப்பி கிடையாது. எடுத்த ஸ்டூடியோவும் குண்டுல போயிடுச்சு. எனக்கு இப்பல்லாம் கண்ண மூடினா அக்கா முகம் வரதில்ல. இதப் பாத்தாத்தான் வருது. பத்திரமா இருந்தா போதும். நான் வந்து வந்து பாத்துக்குவேன்.”

“பத்திரத்துக்குத்தானே லா காப்பகம்!” என்றார் தலைவர். விநாசித்தம்பியின் பெரிய சட்டத்தை வாங்கி நடுத்தட்டில் தானே வைத்தார். டின்னை நாகநாதன் வாங்கிக்கொண்டார்.

திறப்பு விழாவைச் சரஸ்வதி பூஜை அன்று வைத்தார்கள். இதில்தான் கமிட்டியின் மூளை வேலை செய்தது. கலைமகளுக்கு உகந்த நாளில் காகிதங்களைச் சும்மா அலமாரியில் விடலாமா? நம் ஆட்கள் அன்றைக்குப் பேனாவுக்குச் சந்தனம் வைப்பார்கள், டைப்ரைட்டருக்கு வைப்பார்கள், வாங்கிய கடன் இன்னும் அடையாத மோட்டார் காடிக்கும் வைப்பார்கள். வரலாற்றை மட்டும் விட்டுவிட்டால் அது கோபித்துக்கொள்ளாதா? எல்லாவற்றையும் இறக்கி மேசையில் பரப்பினார்கள். தலைவரின் மனைவி வெள்ளித் தட்டில் பன்னீர் விட்டுச் சந்தனம் கரைத்துக்கொண்டு வந்தார். அந்த அம்மாவுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். எல்லோருக்கும் மிசஸ் பி.ஜே.கே.

மீசைக்கார அப்பாக்களுக்குக் கண்ணாடிமேல் பொட்டு விழுந்தது. சான்றிதழ்களின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினார்கள். துரையின் பாராட்டில் துரையின் பெயரே ஊறிப்போனது. யாரும் கவலைப்படவில்லை, பாராட்டு வாங்கிய தலைவரின் அப்பா பெயர் தப்பித்துவிட்டதே. அருந்ததி படத்தின் முன் வந்ததும் தட்டு நின்றது.

“கல்யாணம் ஆகாம செத்த பொண்ணு. குங்குமம் வைக்கலாமா?”

“கன்னிப்பொண்ணு தெய்வம் மாதிரி. தாராளமா வைக்கலாம்.”

“அது வேற பூஜை, அதுக்குத் தனியா படைக்கணும். அண்டாவ வேற தூக்கிட்டோம்.”

“ஐயரக் கேளுங்க.”

ஐயர் வடை எண்ணெயைக் கவனித்துக்கொண்டிருந்தார். கமிட்டி இரண்டு கட்சியாகப் பிரிந்து, சாஸ்திரம் பேசி, குரல் உயர்த்தி, ஒருவர் இன்னொருவரின் மாமனார் சாதியை இழுக்கும் அளவுக்குப் போயிற்று. வெறும் புகைப்படத்தின் மேல் ஈரச் சந்தனம் பட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி மட்டும் எந்தக் கட்சியிலும் இல்லை. கடைசியில் தலைவர் கை தூக்கினார். “குங்குமம் வேணாம். சந்தனம் மட்டும். கொஞ்சம் பெருசா வைங்க, டீச்சர் மனசு நோகக்கூடாது.”

பெரிதாகவே வைத்தார்கள். நெற்றியில் தொடங்கி மூக்குவரை வழிந்தது. அதன்மேல் ஐயர் வந்து மாவிலையால் தீர்த்தம் தெளித்தார்.

புஷ்பராணி டீச்சர் காலை ஃபெர்ரி பிடித்து வந்து சேர்ந்தபோது படம் ஒரு மணி நேரமாக ஊறிக்கொண்டிருந்தது. மேசையைப் பார்த்ததும் அவருடைய கைதான் நீண்டது. அந்தக் கையைப் புரிந்துகொண்ட நாகநாதன் வழக்கம்போல முதலில் ஓடினார்.

“இருங்கக்கா, தொடச்சு விட்டுடறேன்.”

“வேணாம் தம்பி, தொடாத...”

கைக்குட்டையைத் தீர்த்தத்தில் நனைத்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டார். சந்தனம் வந்தது. சந்தனத்தோடு நெற்றி வந்தது, கண் வந்தது, உதடு வந்தது. அட்டையில் தாதித் தொப்பி இருந்தது, கழுத்துப்பட்டை இருந்தது, இரண்டுக்கும் நடுவில் வழவழவென்று ஒரு வெள்ளை. கைக்குட்டையில் சாம்பல் நிறத்தில் ஒரு கொழகொழப்பு, பன்னீர் வாசனையோடு.

“சந்தனம்னுதான் நெனச்சேன்கா,” என்றார் நாகநாதன். கைக்குட்டையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பைக்குள் வைத்துக்கொண்டார்.

தலைவர் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். “ஒண்ணும் ஆகல டீச்சர். யூனிஃபாம் கிளியரா இருக்குல்ல.”

“முகம்?”

“ஸ்டூடியோவுல குடுத்து ஒண்ணு வரைஞ்சுக்கலாம். இல்லாட்டி உங்க பழைய போட்டோ ஒண்ணு குடுங்க, அத வச்சு ஒட்டிடலாம். அக்கா தங்கச்சிதானே, சாயல் இருக்கும்.”

மிசஸ் பி.ஜே.கே. ஆறுதல் சொன்னார். “யோகக்காரி. பூஜ அன்னிக்குச் சந்தனத்தோட போயிருக்கா.”

டீச்சர் அழுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஒரு நாற்காலிகூட இழுத்துப் போட்டார்கள். அவர் உட்காரவில்லை. படத்தோடு வைக்க நாகநாதன் டைப் அடித்திருந்த சீட்டை எடுத்துப் படித்தார். ‘தலைமைக் கிராணி திரு. விநாசித்தம்பி அவர்களின் மகள்.’ பெயர்கூட இல்லை. சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் பேனாவால் எழுதினார். பள்ளிக்கூடக் கரும்பலகைக் கையெழுத்து, தூரத்திலிருந்தும் வாசிக்கலாம்.

“இதுல கையெழுத்துப் போடுங்க அண்ணே.”

தன் கையெழுத்து இல்லாத சீட்டு எதுவும் அலமாரிக் கண்ணாடிக்குள் போகக்கூடாது என்பது தலைவர் போட்ட சட்டம். சீட்டை வாங்கி மூக்குக்கண்ணாடியைத் தேடினார். அதற்குள் கீழே காடிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. “யாங் பெர்ஹோர்மாட் வந்தாச்சு!” என்று, திறந்துவைக்க வரும் பிரமுகரைச் சொல்லி யாரோ கத்தினார்கள். தலைவர் சீட்டைச் சுவரில் வைத்து, முழுப் பெயரும் மூன்றெழுத்தும் சேர்த்துக் கையெழுத்திட்டுவிட்டு, வேட்டியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் ஓடினார்.

படத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று நாகநாதன் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

“எங்க கொண்டு போறது? குப்பைத் தோங்குக்கா?” என்றார் டீச்சர். படத்தைத் தானே அலமாரியில் வைத்து, முன்னால் சீட்டை நிறுத்தினார்.

‘அருந்ததி. தாதி. காய்ச்சல்காரர்களைப் பார்த்து இறந்தாள். இவளுக்கு ஒரு முகம் இருந்தது. அதை இந்தக் காப்பகத்தின் கமிட்டி சரஸ்வதி பூஜையன்று துடைத்துவிட்டது.’ கீழே சிவகுருநாதன், பி.ஜே.கே.

பிரமுகர் வந்தார். தமிழ் வாசிக்கத் தெரியாதவர். ஒவ்வொரு தட்டின் முன்னும் நின்று “பாகுஸ், பாகுஸ்” என்று மலாயில் பாராட்டினார். அருந்ததி முன்னும் சொன்னார். தமிழ் தெரிந்த நூறு பேர் பின்னால் வந்தார்கள். ஒவ்வொருவரும் தங்கள் அப்பாவின் சீட்டைத் தேடிப் படித்தார்கள், பக்கத்து வீட்டு அப்பாவுக்கு என்ன பதவி போட்டிருக்கிறது என்று பார்த்து முகம் சுளித்தார்கள், வடை சாப்பிடக் கீழே இறங்கினார்கள். எண்ணெய்க் கையை அலமாரிக் கண்ணாடியில் வைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. டீச்சர் அலமாரிப் பக்கத்திலேயே நின்றார். ஒருவரும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் யாரோ படித்துவிட்டார்கள். கமிட்டி அவசரமாகக் கூடியது. சீட்டை எடுத்துவிடலாம் என்றார் ஒருவர். எடுப்பதற்குத் தீர்மானம் வேண்டும், தீர்மானத்துக்குக் காரணம் வேண்டும், காரணத்தை மினிட் புத்தகத்தில் எழுதவேண்டும், மினிட்டைப் பொதுக்கூட்டத்தில் வாசிக்கவேண்டும். இந்தச் சட்டமும் தலைவர் போட்டதுதான். கிழித்துவிடலாம் என்றார் இன்னொருவர். “ஏ, என் சைன் இருக்கு அதுல!” என்று தலைவர் பதறினார். தன் கையெழுத்து குப்பைக்குப் போவதை அவரால் தாங்கமுடியவில்லை. மூன்று தட்டுக் கடலை தீர்ந்த பிறகு அறிவு வந்தது. எடுக்கவும் வேண்டாம், கிழிக்கவும் வேண்டாம். அலமாரியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டார்கள். தங்கள் அப்பாக்களும் அதற்குள்தான் இருக்கிறார்கள் என்பது அவர்களுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. விழாதான் முடிந்துவிட்டதே.

மீதிச் சாமான்களையெல்லாம் செபராங் ஜெயாவில் சேர்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வந்தார். மாடியில் நாகநாதன் மட்டும் இருந்தார். அறைக்குள் நுழைந்தவருக்கு அலமாரியின் துருப்பிடித்த முதுகுதான் தெரிந்தது. கைப்பையை நாற்காலியில் வைத்தார்.

“தம்பி, அந்தப் பக்கம் பிடிங்க.”

“தலைவருக்குத் தெரிஞ்சா சூசா-லா அக்கா. வம்பாயிடும்.”

“பிடிங்க.”

நாகநாதன் கதவைப் பார்த்தார், மாடிப்படியைப் பார்த்தார். “நான் பிடிச்சேன்னு சொல்லிடாதீங்க,” என்று முனகிக்கொண்டே பிடித்தார். இரும்பு சிமெண்டுத் தரையைக் கீறிக்கொண்டு திரும்பியது. உள்ளே தலைமைக் கிராணிகள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்து விழுந்தார்கள்.